மணிக்கூடு திருத்துகிறவன் சாகும் இடம்

கை சும்மா இருந்தால் அக்காவுக்குக் கதை வராது. றால் தலையை முறித்துக்கொண்டிருக்க வேண்டும். இடக்கையில் றால், வலக்கைப் பெருவிரல் நகத்தால் ஒரு அழுத்து, தலை ஒரு கூடைக்கும் உடல் ஒரு கூடைக்கும் போகும். அந்தச் சத்தத்துக்குள்தான் அவர் சொல்லும் படம் ஓடும். "மறுகா, அதுக்குப் பிறகு அவள் என்ன செய்யிறாள் தெரியுமா" என்று அவர் தொடங்கினால் சுற்றியிருக்கிற எல்லாக் கைகளும் அவருடைய வேகத்துக்கு வந்துவிடும். முதலாளிக்கு இது தெரியும். அதனால் அவர் அக்காவை ஒருநாளும் வாயை மூடச் சொன்னதில்லை.

நான் பனிச்சங்கேணிக்குப் போனது ஐஸ் லொறியில். சண்டை நிறுத்தக் காலம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வந்தாறுமூலையில் செங்கல் சூளை, ஏறாவூரில் அரிசி ஆலை, பிறகு லொறி. ஒரு இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் தரிக்காது. அந்த றால் வாடியில் மட்டும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தேன். கடலோரக் களப்பில் பிடிபடும் றாலை வாங்கி, தலை முறித்து, ஐஸ் போட்டு அனுப்புகிற ஓலைக் கொட்டில் அது. சம்பளத்துக்காக இருந்தேன் என்று சொல்ல முடியாது. படம் பார்க்க இருந்தேன் என்றால் ஆட்கள் சிரிப்பார்கள். அந்த ஊரில் அப்போது கரண்ட் கிடையாது.

அக்காவின் பேரை இங்கே எழுதவில்லை. அவருடைய மகனின் பேரோடு சேர்ந்து அது ஒரு அலுவலகத்துக் கோவையில் இன்னும் மூடாமல் கிடக்கிறது. வாடியில் அவருக்குப் படக்காரி என்று பட்டம். முகத்துக்கு நேரே அக்கா.

அவர் சொல்லும் படங்கள் எல்லாமே பழையவை. எல்லாவற்றிலும் காதல். எல்லாவற்றிலும் கடைசியில் இரண்டு பேரும் செத்துப்போவார்கள். எழுத்து ஓடுவதிலிருந்து தொடங்கி, எந்தப் பாட்டு எந்த மரத்தடியில், வில்லன் எந்தக் கதவால் வருகிறான் என்பது வரை சொல்வார். பாட்டைப் பாடமாட்டார். "இதில ஒரு பாட்டு" என்று சொல்லிவிட்டு நாலைந்து றால் முறியும் நேரம் பேசாமல் இருப்பார். கேட்கிறவர்கள் அந்த இடைவெளியில் தங்களுக்குத் தெரிந்த பாட்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது மணிக்கூடு திருத்துகிறவனின் படத்தை. உப்பளக்காரன் ஒருவனுக்கு ஒரே மகள். அவர்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு நின்றுபோகிறது. திருத்த வருகிறவன் மேல் அவளுக்கு விருப்பம். அவன் போன பிறகு அவளே ஊசியால் குத்தி மணிக்கூட்டை மறுபடி நிற்பாட்டுவாள். அவன் மறுபடி வருவான். தகப்பனுக்கு விசயம் தெரிகிறது. அவளுக்கு வேறு இடத்தில் கலியாணம் முற்றாகிறது. கலியாணத்தன்று அவனை உப்புப் பாத்திக்குள் போட்டு அடிக்கிறார்கள். அவள் கூறைச் சீலையோடு எழும்பி ஓடுகிறாள். உப்பு காலை வெட்டுகிறது. அவன் பக்கத்தில் போய் விழுகிறாள். இரண்டு பேரும் அந்த வெள்ளை உப்பில் கிடக்கிறார்கள். அவன் கையில் கட்டியிருக்கிற மணிக்கூடு மட்டும் ஓடுகிறது.

அந்த இடத்தில் மட்டும் அக்காவின் கை நிற்கும். நகத்தால் ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டியின் விளிம்பில் தட்டுவார். டக், டக், டக். வாடியில் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு யாராவது ஒருத்தி மூக்கை உறிஞ்சுவாள். றால் தண்ணி பட்ட கையைக் கண்ணில் வைத்தால் எரியும் என்பதால் எல்லோரும் முழங்கைக்கு மேலுள்ள கையால்தான் கண்ணைத் துடைப்பார்கள். தோளைத் தூக்கிக்கொண்டு பத்துப் பெண்கள் அழுவதை நான் ஐஸ் உடைத்தபடி பார்த்திருக்கிறேன்.

அக்காவின் புருசனுடைய தங்கச்சி ஒருத்தி எப்போதும் அவருக்குப் பக்கத்தில் இருப்பாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். படம் முடியப் போகிறது என்று தெரிந்ததும் அவள் தொடங்குவாள்.

"மச்சி, இண்டைக்கு ஒரு நாளைக்கு விடுங்களன் அதுகள. பாவம்."

"எப்பிடிகா விடுற? செத்ததுகள நான் எழுப்பவா?"

"அவனுக்குத்தான் அடி. ஓடிவந்தவளுக்கு என்ன நோய்வருத்தம்? அவள் ஏன் சாகோணும்?"

"நெஞ்சு வெடிச்சிட்டு."

"எனக்கெல்லாம் எத்தின தரம் வெடிச்சிருக்கணும். நான் இருந்து றால் முறிக்கன்."

"நீ படத்துல இல்ல, அதான்" என்பார் அக்கா. அழுத முகங்களோடு எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒருமுறை நானும் கேட்டேன். ஒரு படத்திலாவது பிழைக்க விட்டால் என்ன என்று. அவர் அப்போது சீனாக்காரம் கரைத்த தண்ணியில் கையை ஊறவைத்துக்கொண்டிருந்தார். றால் முள் குத்தி விரல் இடுக்கெல்லாம் வெந்திருக்கும். அதற்கு அதுதான் மருந்து.

"செத்தா அழலாம் மனே. அழுது முடிஞ்சா எழும்பிப் போய் சோறாக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். நான் அதை ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு ஒரே மகன். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கேட்ட காலத்தில் போனவன். வன்னிப் பக்கம் நிற்கிறான் என்று சொன்னார்கள். இரண்டு கடிதம் வந்தது. வாடியில் அவனைப் பற்றி யாரும் கதை எடுப்பதில்லை. புருசன் தோணிக்காரர், வாய் திறக்காத மனிதர். றாலைக் கொண்டுவந்து தராசில் கொட்டிவிட்டு, பெண்களின் சிவந்த கண்களைப் பார்த்து, "இண்டைக்கு எத்தின பேரச் சாகடிச்ச?" என்று மட்டும் கேட்பார்.

"ரெண்டு பேர்தான். நாளைக்கும் ஆள் இரிக்கி" என்பார் அக்கா.

கடல் ஊருக்குள் பாய்ந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஐஸ் எடுக்க வாழைச்சேனைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வாடி நின்ற இடத்தில் நாலு கம்பம் இருந்தது. அதில் ஒன்று எங்களுடையது இல்லை. சனம் மேட்டுப் பக்கப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அக்கா இருந்தார். மச்சி இருந்தாள். புருசனைக் காணவில்லை.

மூன்றாம் நாள் கண்டல் மர வேருக்குள் கிடந்த ஒருவரை நானும் இன்னும் இரண்டு பேரும் எடுத்தோம். முகம் இல்லை. அக்கா வந்து குனிந்து அரைஞாண் முடிச்சைப் பார்த்தார். "இது நான் போட்ட முடிச்சு" என்றார். அன்று பகல் முழுவதும் மண்ணில் உருண்டு கத்தினார். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அடுத்த நாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டிக்கொண்டு நின்றார். மச்சி வகுப்பறை மூலையில் சுருண்டு கிடந்தாள். செத்தது அவளுடைய அண்ணன்.

"எழும்பு மச்சி. கண்டாச்சு, மண்ணுக்குள்ள தாட்டாச்சு, அழுதாச்சு. சனம் பசியில கிடக்கு. வெங்காயத்த உரி."

மச்சி எழும்பி வெங்காயம் உரித்தாள். உரித்தபடியே அழுதாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நான் ஒரு மடவேலை செய்தேன். பிள்ளைகளுக்கென்று யாரோ ஒரு ரீவியும் டிவிடி பெட்டியும் சின்ன ஜெனரேற்றரும் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். எலியும் பூனையும் ஓடுகிற படம் போடுவார்கள். பிள்ளைகள் பார்க்கும், சிரிக்காது. பெரியவர்கள் கிட்டவும் வருவதில்லை. நான் வாழைச்சேனைக்குப் போன ஒரு நாள், பழைய பட டிஸ்க் விற்கிற கடையில் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஒரு மட்டையில் உப்புப் பாத்தியும் சுவர் மணிக்கூடும் இருந்தன. அக்கா சொன்ன படம். அக்காவுக்கு ஒரு சந்தோசம், சனத்துக்கும் ஒரு அழுகை என்று நினைத்து வாங்கினேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு யன்னல்களுக்குப் படங்கு கட்டி இருட்டாக்கிப் படத்தைப் போட்டோம். வகுப்பறை நிறைந்துவிட்டது. அக்காவைப் பிடித்து முன்னால் இருத்தினார்கள். அவர் பின்னால் போகிறேன் என்று மறுத்தார். விடவில்லை. படம் ஓட ஓடச் சனத்துக்கு ஒரு பெருமை. "அந்தா, இப்ப ஊசியால குத்துவாள்" என்று ஒருத்தி சொல்வாள், அவள் குத்துவாள். கதவு, மரம், கூறைச் சீலை, எல்லாம் அக்கா சொன்னபடியே வந்தது.

கலியாண வீடு வந்தது. அவனை அடிக்கவில்லை. தகப்பன் அவனைக் கப்பலில் ஏற்றி எங்கோ அனுப்பிவிடுகிறான். அவள் தாலிக்குக் கழுத்தை நீட்டாமல் எழும்பி ஓடுகிறாள். உப்புப் பாத்தி வழியாகத்தான் ஓடுகிறாள். ஆனால் போய்ச் சேரும் இடம் ஒரு ஜெற்றி. கப்பல் போய்விட்டது. அவள் அங்கே இருக்கிறாள். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, தலை நரைக்கிறது. அவள் இருந்துகொண்டே இருக்கிறாள். அப்படியே எழுத்து வந்து படம் முடிந்துவிட்டது.

ஒருவரும் எழும்பவில்லை. மிச்சம் வரும் என்று இருந்தார்கள். பிறகு எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"கொப்பி பிழை" என்றார் பின்னால் இருந்த ஒரு வலைக்காரர்.

"சாகிற இடத்த வெட்டிப்போட்டானுகள்" என்றாள் மச்சி. "என்ன மச்சி, வெட்டித்தானே இரிக்கி?"

அக்கா திரையை விட்டுத் திரும்பவில்லை. "ஓம், வெட்டித்தான் இரிக்கி" என்றார்.

"எங்களுக்கு எண்டா எல்லாத்தையும் வெட்டித்தான் அனுப்புவானுகள்" என்று ஒருவர் சொல்ல, சனம் என்னைத் திட்டியபடி கலைந்தது. ஆறு மாதமாய்ச் சாப்பாட்டு வரிசையில் அந்த டிஸ்க்கை வைத்து என்னை நக்கலடித்தார்கள்.

படம் போட்ட அன்றைக்கே சட்டி கழுவுகிற இடத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் படத்தின்ட முடிவ நான் இண்டைக்குத்தான் பாக்கன் மனே."

எனக்கு விளங்கவில்லை. சாம்பலால் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். கலியாணம் முடித்த புதுசில் மாமிக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். மாதத்தில் ஒருநாள் மட்டக்களப்பு ஆசுபத்திரியில் கிளினிக். மருந்து எடுத்து முடியப் பகல் ஆகிவிடும். படம் பார்க்கலாம் என்று சொல்வது மாமிதான். மாமிக்குப் படம் தேவையில்லை. தியேட்டரில் காற்றாடி இருந்தது. எழுத்து ஓடும்போதே குறட்டை விடத் தொடங்கிவிடுவார். பகல் காட்சி முடிவதற்கு முன்னமே ஊர் வழியாக வாகரைக்குப் போகும் கடைசி பஸ் வெளிக்கிட்டுவிடும். அதை விட்டால் தெருவில்தான் படுக்க வேண்டும்.

"மணிக்கூடு வெச்ச மாதிரி மாமி முழிச்சிருவா. வா புள்ள, பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு கையப் பிடிச்சு இழுப்பா. ஒரு படத்தின்ட முடிவும் நான் காணல்ல."

"அப்ப இவ்வளவு நாளும் சொன்னது?"

"பஸ்ஸுக்குள்ள நானே முடிக்கிற. ஓட்டமாவடிப் பாலம் வரக்குள்ள கலியாணத்த நிப்பாட்டிருவன். மாங்கேணி வரக்குள்ள ரெண்டு பேரையும் சாகடிச்சிருவன். இறங்கிப் போய் உல வெக்கணுமே. உசிரோட விட்டா, அதுகள் இப்ப எங்க நிக்கிதோ, என்ன செய்யிதோ எண்டு விடிய விடிய நினைப்பு வரும். நித்திரை வராது."

சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"என்ன படம் எடுத்து வெச்சிருக்கான், பாவி. கடைசி மட்டும் ஜெற்றியில இருக்காளே, அவளுக்கு ஆர் சோறு குடுத்த?"

ஒருவரிடமும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை.

அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு நான் அங்கே இருக்கவில்லை. மறுபடி சண்டை தொடங்கி, செல் குண்டு விழுந்து, வாகரைச் சனம் காட்டு வழியாகவும் களப்பு வழியாகவும் நடந்து வாழைச்சேனைப் பக்கம் வந்தபோது நான் வெளிநாட்டில் ஒரு கட்டட வேலையில் இருந்தேன். ஒரு அறையில் பன்னிரண்டு பேர். விடுமுறை நாளில் யாராவது ஒரு பழைய காதல் படத்தைப் போடுவான். நூறு தரம் பார்த்த படம். அவள் எந்த வசனத்தோடு சாவாள் என்று எல்லோருக்கும் தெரியும். சாகும் இடம் வந்ததும் சீமெந்தில் வெடித்த கைகளைக் கட்டிக்கொண்டு எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். படம் முடிந்ததும் ஒருவன் எழும்பிப் போய்ப் பருப்பைக் கழுவி அடுப்பில் வைப்பான். அக்கா சொன்னது பகிடி இல்லை என்று அங்கேதான் எனக்கு விளங்கியது.

நான் திரும்பி வந்தபோது வடக்கிலும் சண்டை முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பனிச்சங்கேணியில் வாடி மறுபடி நின்றது, இந்தமுறை தகரக் கூரையோடு. அக்கா அதே மாதிரி றால் முறித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. கதை சொல்லவில்லை. எல்லோரும் சும்மா முறித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றி இருந்த பாதிப் பேர் எனக்குத் தெரியாத இளம் பெண்கள்.

மச்சி என்னைத் தனியே கூப்பிட்டு விசயத்தைச் சொன்னாள். மகனிடமிருந்து ஒன்றும் இல்லை. அக்கா மகனின் படத்தைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு எத்தனையோ தரம் போய்வந்துவிட்டார். முகாம் வாசல்களில் ஒட்டியிருந்த பட்டியல்களில் பேர் இல்லை. காயப்பட்டுக் கிடக்கக் கண்டேன் என்றான் ஒருவன். கடைசி நாளில் கையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பஸ்ஸில் ஏறியதைக் கண்டேன் என்றான் இன்னொருவன். அந்த பஸ் எங்கே போனது என்று அவனுக்குத் தெரியாது. இப்போது கிராம சேவகர் மரணப் பத்திரத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார். அதை வைத்தால் ஏதோ உதவி வரும். பெரிதாக இருக்காது, ஆனால் வரும்.

"கையெழுத்து வெக்கிறா இல்ல. உன்ட கதைய கேப்பா. நீ சொல்லு தம்பி. ஒரு முடிவு வேணுமே. அழுதிட்டு எழும்பட்டும். இப்ப அழுகையும் இல்ல, நித்திரையும் இல்ல."

கிராம சேவகர் நல்ல மனிதர். வாடிக்கே வந்து, பலகையில் காகிதத்தை விரித்து, ஈரம் படாமல் கையால் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இது வெறும் காகிதந்தான்."

"காகிதந்தானே ஐயா. அப்ப நீங்களே வெச்சிரிங்க."

"ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"எத்தினாம் திகதி செத்தது எண்டு கேட்டிருக்கே இதில. என்ன எழுதுற?"

மச்சி என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். கிட்டப் போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னேன்:

"அக்கா, மாங்கேணி தாண்டியாச்சு. நீங்கதான் முடிக்கணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ சின்னப் பிள்ளை பிழையாகக் கதைத்ததுபோல் பார்த்தார்.

"அது படம் மனே" என்றார்.

கிராம சேவகர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேறு நாளைக்கு வருகிறேன் என்று போனார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தெருவில் அடங்கியது. கூடையில் றால் மிச்சம் கிடந்தது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

இளம் பெண்களில் ஒருத்திதான் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் கேட்டாள். "அம்மா, நீங்க முந்தி படம் சொல்லுவீங்களாமே. மணிக்கூட்டுப் படமாம். ஒருக்காச் சொல்லுங்களன்."

மாட்டார் என்று நினைத்தேன். அக்கா ஒரு றாலை எடுத்தார். முறித்தார். "ஒரு உப்பளக்காரன்" என்று தொடங்கினார்.

எல்லாம் பழையபடியே வந்தது. சுவர் மணிக்கூடு, ஊசி, மரத்தடி, பாட்டுக்கு விட்ட இடைவெளி. கைகளெல்லாம் மெல்ல மெல்ல அவருடைய வேகத்துக்கு வந்தன. கலியாண வீடு வந்தது. கூறைச் சீலை வந்தது. அவள் எழும்பி ஓடுகிறாள். உப்பு காலை வெட்டுகிறது. பழைய ஆட்கள் தோளைத் தூக்கத் தயாரானார்கள்.

அக்கா அடுத்த றாலை எடுத்தார். பேசவில்லை. பாட்டாக்கும் என்று பெண்கள் காத்திருந்தார்கள். நாலு றால், ஐந்து றால் முறிந்தது.

"மறுகா?" என்றாள் அந்தப் பெண்.

"மறுகா நான் பாக்கல்ல புள்ள. பஸ்ஸுக்கு நேரமாச்சு. எழும்பி வந்திட்டன்."

"அப்ப அவனுக்கு என்ன நடந்த?"

"தெரியா. நான் பாக்கல்ல."

அந்தப் பெண் விடவில்லை. மச்சியின் பக்கம் திரும்பினாள். "மாமி, நீங்களும் எத்தினையோ தரம் கேட்டிருப்பீங்களே. உங்களுக்குத் தெரியுமே. நீங்க சொல்லுங்களன், அவன் செத்தானா?"

மச்சி அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்து முறித்துக்கொண்டிருந்தார். மச்சி தன் கூடைக்குள் கையை விட்டு ஒரு றாலை எடுத்தாள்.

"எனக்கும் தெரியா புள்ள" என்றாள். "வேலையப் பாரு."